இன்னொரு காது

1

விமானம் ஜெர்மனியில் இறங்கியதும் சுங்க அதிகாரி ஒருவர் என்னை ஓரமாக வரச் சொன்னார். போன மாதம் பதினைந்து நாள் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது நடந்தது இது. பெட்டியைத் திறந்தேன். ஐந்து கிலோ ராகி மாவு, கொள்ளு, புளி, என் தங்கை சுதா வறுத்து அரைத்துக் கொடுத்த குழம்புத் தூள், பழைய துண்டில் சுற்றிய ஒரு பாட்டில் நெய். அதிகாரி ராகி மாவை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, இது என்ன என்றார். "தண்ணீரில் போட்டுக் கிளறினால் கெட்டியாகிவிடும்" என்று ஜெர்மன் மொழியில் விளக்கினேன். சிமெண்டுக்கும் அதே விளக்கம்தான் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அவர் இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டார்.

மாவு பிழைத்தது. அடுத்து கேட்டார்: "மருந்து, மாத்திரை ஏதாவது?"

"இல்லை."

பாலில் செய்த எதுவும் இந்த நாட்டுக்குள் வரக் கூடாதாம். நெய் போயிற்று. நான் சிரித்தேன். நெய்யைப் பறிகொடுத்துவிட்டுச் சிரிக்கிற ஆளை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி மலர் "அந்த நெய்க்காக ஒரு வார்த்தை சண்டை போடக் கூடாதா?" என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

இந்த நாட்டுக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. மருந்து உண்டா என்ற அந்தக் கேள்விக்கு எப்போதும் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறேன். பல முறை, சட்டைக்குள் வேர்த்து வழிய, பெட்டியின் அடியில் காலுறைக்குள் எத்தனை மாத்திரை அட்டை இருக்கிறது என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே 'இல்லை' என்றிருக்கிறேன். இந்த முறைதான் அது உண்மை.

அந்த உண்மை எப்படி வந்தது என்பதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஓசூர், சூளகிரி, பேரிகைப் பக்கத்தில் யாராவது இதைப் படித்து, தன் கைப்பையை ஒரு முறை திறந்து பார்த்துக்கொண்டால், நெய் போனதற்கு ஈடாகிவிடும்.

2

நான் பேரிகைப் பக்கத்துக்காரன். அப்பா தக்காளியும் பீன்ஸும் போட்டவர். நான் டிப்ளமா முடித்து, ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் பன்னிரண்டு வருடம் இருந்தேன். அச்சுகளைச் செய்து செப்பனிடுகிற இடம் அது. தலைமுடியை விட மெல்லிய அளவுகளில் வேலை. கை நடுங்குகிறவனுக்கு அங்கே இடமில்லை. அந்தக் கையை நம்பித்தான் ஜெர்மனியில் கூப்பிட்டார்கள்.

வந்து மூன்றாவது வருடம், கிரேன் வருவதற்குப் பத்து நிமிடம் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஓர் இரும்புக் கட்டையை நானே தூக்கினேன். அது ஊர் அவசரம். முதுகு பிடித்துக்கொண்டது.

இங்கே டாக்டரிடம் போனால் என்ன நடக்கும் என்று இங்கிருக்கும் நம்மவர்கள் எல்லோருக்கும் தெரியும். காய்ச்சலா, மூலிகை டீ குடி. இருமலா, மூலிகை டீ குடி. என் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, சில வாரம் உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவரிடம் போகச் சொன்னார், பிறகு நீச்சல் அடிக்கச் சொன்னார். கெலவரப்பள்ளி அணையைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி, எனக்கு எங்கே நீச்சல். "நம்ம ஊரா இருந்தா ஒரே ஊசி, அடுத்த நாள் வேலைக்குப் போயிருக்கலாம்" என்று பேசிக்கொள்வது எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. நானும் பேசினேன். அந்த டாக்டர் சொன்ன பயிற்சியை ஒரு நாள்கூடச் செய்யவில்லை.

அந்த வருடம் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ஓசூரில் ஒரு கிளினிக்கில் பத்து நாளுக்கு ஒரு வலி மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் வலி சுருண்டு படுத்துவிட்டது. வலி மட்டும் என்றால் பரவாயில்லை. விசா, மொழித் தேர்வு, என்னிடம் தமிழில் பேசுவதைக் குறைத்துக்கொண்டே வந்த மகள், எல்லாமே ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது போல இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. இல்லையென்று பொய் சொன்னால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை.

பத்து நாளுக்கு எழுதியதை நான் நாலு வருடம் போட்டேன்.

3

நாலு வருடம் எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். வெளிநாட்டில் இருக்கிற நம்மவர் வீடு எதிலும் ஒரு டப்பா இருக்கும். ஊர் மருந்து டப்பா. காய்ச்சல் மாத்திரை, வயிற்றுப்போக்கு மாத்திரை, இருமல் டானிக், தைலம். ஊருக்கு யார் போனாலும் "என்னா வேணும், வாங்கியாரட்டா?" என்று கேட்பார்கள். புளி, கொள்ளு, முறுக்கு மாவு என்று சொல்லிக்கொண்டே போய், அதே மூச்சில் மாத்திரைப் பெயரையும் சொல்லுவோம். எங்களுக்கு அது மளிகை.

மளிகையை யாராவது டாக்டரிடம் சொல்வார்களா? இங்கே எந்த மருத்துவமனைக்குப் போனாலும் நாலு பக்கத்துக்குப் படிவம் தருவார்கள். தற்போது எடுத்துக்கொள்ளும் மருந்துகள் எவை என்று ஒரு கேள்வி இருக்கும். நான் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட்டுவிடுவேன். பாதி பயம், சொன்னால் பிடுங்கிவிடுவார்கள். மீதிப் பாதிக்கு என் நினைப்பில் அது மருந்தே இல்லை. மருந்து என்றால் ஜெர்மன்காரர் சீட்டு எழுதித் தருவது. இது ஊரிலிருந்து வருவது. ஒரு தடவை நர்ஸ் ஒருவர், அபின் வகை மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா என்று தெளிவாகவே கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அபின் தின்கிறவனைப் போலவா இருக்கிறேன் என்று மலரிடம் வந்து குமுறினேன். குமுறிவிட்டு இரவு மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

ஒன்று இரண்டாயிற்று. இரண்டுக்கு மேல் போனதை மலரிடம் சொல்லவில்லை. வேலையிடத்தில் என் கருவிப் பெட்டியில் அளவுமானிக்கு அடியில் ஓர் அட்டை, குளிர்காலக் கோட்டின் உள்பையில் ஒன்று, கார் இருக்கைக்குக் கீழே ஒன்று. முதுகு வலிக்கிற நாளில் போட்டேன். வலிக்காத நாளில், வலித்துவிடுமோ என்று போட்டேன்.

சரக்கு தீர்ந்து, அடுத்த ஆள் ஊரிலிருந்து வருவதற்குள் எனக்குச் சளி பிடிக்கும். மூக்கு ஒழுகும், கொட்டாவி கொட்டாவியாக வரும், வயிறு கலங்கும், படுத்தால் கால்கள் ஓர் இடத்தில் நிற்காது. இந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். ஊர் மாத்திரை வந்து சேரும். போடுவேன். அரை மணி நேரத்தில் சளி, கொட்டாவி, வயிறு எல்லாம் சரியாகிவிடும். முதுகு வலி மாத்திரையில் சளி எப்படி நிற்கிறது என்று, அச்சில் மயிரிழை பிசகைக் கண்டுபிடிக்கிற எனக்கு, ஒரு முறைகூடத் தோன்றவில்லை. தோன்ற விடவில்லை என்பதுதான் சரி.

மகள் வைஷ்ணவிக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளியில் கைப்பந்து ஆடுவாள். முன்பெல்லாம் சனிக்கிழமை ஆட்டங்களுக்கு என்னைக் கூப்பிடுவாள். எப்போது கூப்பிடுவதை நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது.

4

போன வருடம் சுதாவின் மகள் தன்ஷிகாவுக்கு மூன்று வயதில் மொட்டை போட்டுக் காது குத்த ஏற்பாடு. பேரிகைப் பக்கத்தில் அவர்கள் குலதெய்வக் கோயில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், அதற்கு விளக்கம் தேவையில்லை. சுதாவுக்கு நான் ஒரே அண்ணன். "நீ எப்ப வர்றியோ அப்பதான் தேதி" என்று ஒரு வருடமாகத் தள்ளிப்போட்டிருந்தாள்.

ஓசூரில் எனக்கு வழக்கமாக மாத்திரை கொடுக்கிறவன் மஞ்சுநாத், டிப்ளமாவில் கூடப் படித்தவன், மெடிக்கல் கடை வைத்திருக்கிறான். அந்த முறை கையை விரித்துவிட்டான்.

"சீட்டு இல்லாம இனி முடியாது மச்சான்," என்றான். "ரூல்னு மட்டும் சொல்லல. நீ வாங்கற அளவு எனக்கே பயமா இருக்குது. தப்பு என் மேலயும் இருக்குது. நீ ஒரு டாக்டரப் பாரு."

நீ கடைக்காரன், கடைக்காரனாக மட்டும் இரு என்று சொல்லிவிட்டு வந்தேன். இருபது வருடத்துக்கு மேலான நட்பு.

விழாவுக்கு முந்தின நாள் கையிருப்பு தீர்ந்தது. காலையில் குழந்தையை மடியில் வைத்து முதலில் மொட்டை போட்டார்கள். எனக்குத் தைமாதக் குளிரில் வேர்த்து வழிந்தது. மூக்கு ஒழுகியது. கைவிரல்கள் நடுங்குவதைப் பார்த்து, குழந்தையின் இடுப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மொட்டை முடிந்து, குளிப்பாட்டி, சந்தனம் பூசி வர அரை மணி ஆகும் என்றார்கள். நல்ல நேரம் பன்னிரண்டு வரை.

"ஒரு சின்ன வேலை, பத்து நிமிஷத்துல வந்துடறேன்," என்று சுதாவின் கணவர் கோவிந்தராஜிடம் பைக் சாவியை வாங்கினேன். அவர் ரோஜாத் தோட்டக்காரர். அன்று கோயில் முழுக்க அவர் தோட்டத்துப் பூ. "என்னா வேணும்னு சொல்லுங்க மச்சான், ஆள அனுப்பறேன்," என்றார். அதற்குள் நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் எல்லை என்பது பெயர்ப்பலகை மாறுகிற இடம். தமிழ் எழுத்து நின்று கன்னட எழுத்து வரும், சாலை அதேதான், தக்காளித் தோட்டமும் அதேதான். அந்தப் பக்கம் முதலில் வந்த ஊரில் இரண்டு மெடிக்கல் கடை. இரண்டிலும் சீட்டு கேட்டார்கள். அடுத்த ஊருக்குப் போனேன். அங்கே கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் இருந்தார். அவரும் சீட்டு கேட்டார்.

என் வாய் தானாகக் கன்னடத்தில் பேசியது. அப்பாவுக்கு என்றேன். புற்றுநோய் என்றேன். வலி தாங்காமல் கத்துகிறார், சீட்டை பெங்களூரு ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டோம் என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "பாப," என்றார், ஐயோ பாவம் என்று. எத்தனை வயது என்று கேட்டார். எழுபது என்றேன். ஓர் அட்டையை எடுத்துக் காகிதத்தில் சுற்றி, தினமும் மஞ்சள் பால் கொடுங்கள் என்றும் சொல்லித் தந்தார்.

என் அப்பா இறந்து அப்போது ஆறு வருடம். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் போனவர். ஒரு நாள் படுக்கையில் கிடந்ததில்லை. நான் ஜெர்மனியிலிருந்து கிளம்பி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பைக்கின் பக்கத்தில் நின்று மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். திரும்பி வரும் வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் முதுகு சுருக்கென்றது. வலி அப்படியேதான் இருந்தது. ஆனால் மூக்கு நின்றது, வேர்வை நின்றது, நடுக்கம் நின்றது. வலி போகவே இல்லை, எனக்கு மட்டும் ஆறுதல் வந்துவிட்டது. அப்படியானால் இந்த மாத்திரை எதற்கு என்று முதல் முறையாக ஒரு கேள்வி வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஃபோனைப் பார்த்தேன். சுதா பதினொரு முறை கூப்பிட்டிருந்தாள். மணி பன்னிரண்டே கால்.

5

நான் போய்ச் சேர்ந்தபோது கோயிலில் பேச்சுச் சத்தம் குறைந்திருந்தது. நல்ல நேரம் முடிகிறதே என்று பெரியவர்கள் அவசரப்படுத்தி, பெரியப்பா மகன் ரமேஷை உட்கார வைத்திருக்கிறார்கள். அவனும் மாமன் முறைதான். ஆசாரி வலது காதைக் குத்தியதும் குழந்தை வீறிட்டிருக்கிறது. சுதா குழந்தையைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு, "போதும், இன்னொரு காது எங்கண்ணன் வந்ததும்" என்றிருக்கிறாள். மாமியார் திட்டியும் அசையவில்லை.

நான் ஓடி வந்து உட்கார்ந்து கையை நீட்டினேன். சுதா என் கண்ணைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "பாப்பாவுக்கு உடம்பு சுடுது, இப்ப வேணாம். இன்னொரு நாள் பாத்துக்கலாம்," என்றாள். குழந்தைக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் அது.

சமையல் நடந்த இடத்துக்குப் பின்னால் வேனுக்கு அருகில் என்னைக் கூப்பிட்டாள்.

"எங்கண்ணா போன?"

"சின்ன வேலைன்னு சொன்னேனே."

"மாத்திரைக்கா?"

"முதுகு வலி உனக்கு எங்க தெரியும். வந்தாத்தான் தெரியும்."

"முதுகு வலிக்காரன் பைக்ல இவ்ளோ நேரம் சுத்துவானாண்ணா?"



சுதா சூளகிரியில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர். இருபத்தெட்டுப் பெண்கள் அவளுக்குக் கீழே. "எங்க லைன்ல ஒரு பொண்ணு," என்றாள். "பல்லு வலின்னு ஆரம்பிச்சா. அப்புறம் கை வலி, கால் வலி. மாத்திரை இல்லாத நாள்ல மூக்கு ஒழுகும், கொட்டாவி விட்டுகினே இருப்பா. நாங்க சளின்னு நெனச்சோம். கம்பெனி நர்ஸ்தான் கண்டுபிடிச்சாங்க. நீ வந்த மொத நாள் நல்லாத்தான் இருந்த. நேத்து சாயந்தரத்துல இருந்து மூக்கு ஒழுகுது, கொட்டாவி வருது, மொட்டைக்கு உக்காந்தா கை ஒதறுது. வெளிய போயிட்டு வந்த, எல்லாம் நின்னுபோச்சு. சளி அப்படி நிக்குமா?"

"அவ என்னா ஆனா?"

"யாரு?"

"அந்தப் பொண்ணு."

"ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனோம். ஆறு மாசம் ஆச்சு. இப்ப நல்லா இருக்கறா. கல்யாணம்கூட ஆயிடுச்சு. நான்தான் போயி மொய் எழுதினேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பாப்பாவ இப்ப உன் மடியில குடுக்க மாட்டேண்ணா. கோவிச்சுக்காத. அந்தக் காது அப்படியே இருக்கட்டும். நீ சரியாகிட்டு வா."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. உனக்காக இவ்வளவு தூரம் வந்தேனே, இத்தனை சொந்தத்துக்கு முன்னால் அவமானப்படுத்துகிறாயே என்று கத்தினேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள், முந்தானையில் குழந்தையின் காதில் இருந்து ஒட்டிய ரத்தம் ஒரு பொட்டு. அது என் கண்ணில் பட்டது. வேன் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கடைக்காரரிடம் அப்பாவைப் பற்றிச் சொன்ன பொய்யை அவளிடம்தான் முதலில் சொன்னேன். அவளும் அழுதாள். "அப்பா எதுவும் நெனச்சுக்க மாட்டாரு," என்றாள்.

6

அடுத்த நாள் அவள் லீவு போட்டுவிட்டு என்னோடு கிருஷ்ணகிரிக்குப் பஸ்ஸில் வந்தாள். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு. அந்தப் பலகையைப் பார்த்ததும் திரும்பிவிடலாம் என்றேன். "பைத்தியம் புடிச்சவங்க எடமில்லண்ணா, எங்க பொண்ணும் இங்கதான் வந்தா," என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த டாக்டரம்மாவுக்கு என்னை விட வயது குறைவு. நான் சொன்னது எதற்கும் முகம் சுளிக்கவில்லை. வருடத்துக்கு வருடம் அளவு கூடியதா என்றார். வீட்டில் மறைத்தேனா என்றார். மாத்திரை இல்லாவிட்டால் உடம்பு என்ன செய்கிறது, மாத்திரைக்காக எதையாவது விட்டுவிட்டு ஓடினேனா என்றார். கடைசிக் கேள்விக்கு நான் சுதாவைப் பார்த்தேன்.

"நீங்க கெட்டவர்னு அர்த்தமில்ல," என்றார். "இது அபின் குடும்பத்து மருந்து. உடம்பு பழகிடும், பழகிட்டா அது இல்லாம நிக்காது. இதுவும் ஒரு நோய்தான், வைத்தியம் இருக்குது."

"எப்ப வந்திருக்கணும் மேடம்?" என்று கேட்டேன்.

"மறைக்க ஆரம்பிச்ச அன்னைக்கே வந்திருக்கணும். பரவால்ல, இன்னைக்கு வந்துட்டீங்க." பிறகு விரலை நீட்டிச் சொன்னார்: "ரோஷத்துல இன்னைக்கே மொத்தமா நிறுத்திடாதீங்க. ஃபிட்ஸ் வரலாம். டாக்டர் பார்வையில படிப்படியாத்தான் குறைக்கணும்." ஜெர்மனி டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார், அதுவரைக்குமான மருந்தும் கொடுத்தார். அதற்குச் சீட்டு இருந்தது. சீட்டோடு வாங்கிய மாத்திரையை எந்தக் காலுறைக்குள்ளும் ஒளிக்க வேண்டியதில்லை என்பது வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் புரிந்தது. பல வருடம் கழித்து ஒரு டீயை ருசித்துக் குடித்தேன்.

இங்கே வந்ததும் மலரிடம் எல்லா அட்டையும் எடுத்துக் கொடுத்தேன். கார் இருக்கைக்கு அடியிலிருந்தும். அவள் எண்ணிப் பார்க்கவில்லை. "நானும்தானே ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லி வாங்கியாரச் சொன்னேன்," என்றாள், அதோடு நிறுத்திக்கொண்டாள்.

டாக்டரிடம் போக வைஷ்ணவியைத் துணைக்குக் கூட்டிப்போனேன். என் ஜெர்மன் இரும்புக்கு மட்டும் போதும், வெட்கத்துக்குப் போதாது. ஆனால் டீ குடிக்கச் சொல்கிற அதே டாக்டர், கடிதத்தைப் படித்ததும் எழுந்து, என் மகளின் தோளைத் தொட்டு, நீ வெளியே உட்கார், இதைப் பிள்ளைகள் மொழிபெயர்க்கக் கூடாது என்றார். தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்தார். யாழ்ப்பாணத்து அம்மா.

"ஒரு நாளைக்கு எத்தனை குளிசை எடுக்கிறனீங்கள் எண்டு டொக்டர் கேக்கிறா," என்றார். நான் தயங்கினேன். "வெக்கப்படாமச் சொல்லுங்கோ தம்பி. நான் உங்கடை முகத்தைக் காணேல்லை."

சொன்னேன். முதல் முறையாகச் சரியான எண்ணிக்கையை. அந்தப் பக்கம் அவர் அதை ஜெர்மன் மொழியில் சொன்னபோது, வேறு யாருடைய கதையையோ கேட்பது போல இருந்தது. டாக்டர் எழுதிக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். நீங்கள் கோடு போட்டிருந்த படிவங்கள் என்னிடம் இருக்கின்றன, இப்போது அவற்றைத் திருத்திவிடலாம் என்றார், அவ்வளவுதான்.

திரும்பி நடந்து வரும்போது வைஷ்ணவி தமிழில் பேசினாள். என்னிடம் அவள் தமிழில் பேசுவது அதிசயமாகிவிட்டிருந்த காலம் அது.

"அப்பா, நீ மாத்திரை போடறது எனக்குத் தெரியும்."

"எப்ப இருந்து?"

"என் மேட்ச்ல நீ உக்காந்தே தூங்கின நாள்ல இருந்து. என் ஃப்ரெண்ட்ஸ் பாத்தாங்க. அதான் கூப்பிடல."

மன்னித்துக்கொள் என்றேன். சரி என்று தோளைக் குலுக்கினாள்.

குறைக்க ஏழு மாதம் ஆயிற்று. எளிதாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப வேண்டாம். ஒரு படி இறங்கும்போதெல்லாம் அதே சளி, அதே கொட்டாவி, அதே கால் குடைச்சல், ஆனால் இப்போது அதன் பெயர் எனக்குத் தெரியும். நடுவில் ஒரு முறை சறுக்கினேன், டாக்டரிடமே போய்ச் சொன்னேன். ஐந்து வருடம் முன்பு சொன்ன முதுகுப் பயிற்சியை இப்போது தினமும் காலையில் கூடத்தில் பாய் விரித்துச் செய்கிறேன். வலி முழுக்கப் போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும். சனிக்கிழமைகளில் ஆட்டம் பார்க்கப் போகிறேன். மஞ்சுநாத்தைக் கூப்பிட்டு மன்னிப்பும் கேட்டேன். அவன் தெலுங்கில் என்னை நாலு திட்டுத் திட்டினான், பிறகுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த ஒரு வருடமும் சுதா வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் குழந்தையின் வலது காதில் தோடு தெரியும். இடது காது வெறுமையாக இருக்கும். அக்கம்பக்கத்தில் ஒத்தைத்தோடு என்றே பெயர் வைத்துவிட்டார்களாம்.

7

போன மாதம் ஊருக்குப் போனேன். கூட்டம் கூட்டவில்லை. நான், சுதா, கோவிந்தராஜ் வீட்டார், ரமேஷ், மஞ்சுநாத். அதே கோயில், அதே ஆசாரி. "மிச்சம் ஒரு காதுக்காக ரெண்டாவது தடவ வர்றது என் சர்வீஸ்ல இதான் மொத தடவ," என்றார் ஆசாரி. "பாதி கூலிதான் தருவேன்," என்றாள் சுதா.

தன்ஷிகாவுக்கு இப்போது நாலு வயது. போன தடவை நடந்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் மடியில் ஏறி உட்கார்ந்தவள், இடது காதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"வலிக்குமா மாமா?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒரே குரலில், "வலிக்காது கண்ணு, எறும்பு கடிக்கற மாதிரிதான்," என்றார்கள்.

"வலிக்கும்," என்றேன் நான். "கொஞ்ச நேரம் வலிக்கும், அப்புறம் போயிடும். அது வரைக்கும் நான் புடிச்சிக்கறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். யோசித்தாள். பிறகு காதிலிருந்து கையை எடுத்தாள்.

ஊசி இறங்கியதும் கோயிலே அதிர்கிற மாதிரி கத்தினாள். அவள் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. நான் அவள் தலையை அசையாமல் பிடித்திருந்தேன். ஆசாரி தங்கக் கம்பியை முறுக்கி முடிக்கும் வரை என் விரல் ஒன்றுகூட ஆடவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். எல்லோரும் குழந்தையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுதா மட்டும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆச்சு, எலை போடுங்க, எல்லாரும் சாப்ட வாங்க," என்று சத்தமாகக் கூப்பிட்டாள்.